நத்தகுத்திக் குஞ்சு காலில் பட்டு நூல்

எங்க ஊட்டுக்காரர் பேர அவரு இருந்த வரைக்கும் நான் வாயால சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுறவன் கேட்டாகூட பக்கத்துல நிக்கறவங்களத்தான் சொல்லச் சொல்லுவேன். இப்ப அவரு போயி ஆறு மாசம் ஆவுது, இனிமே யாருக்கு வெக்கம்? சின்னப்பையன். செவிலிமேட்டுக்குத் தெக்க, பாலாத்தத் தாண்டி இருக்குற எங்க ஊர் ஏரிக்கு அவருதான் நீர்க்கட்டி. மதகத் தொறக்கறது, மூடறது, யார் கழனிக்கு எவ்ளோ நேரம் தண்ணி வுடறதுன்னு பாத்துக்கறது, கரையில நண்டு வளை போட்டா அடைக்கறது, இதான் அவரு வேலை. நான் அங்கம்மா. காஞ்சிபுரத்துல பட்டு நூலுக்கு முறுக்கேத்துற பட்டறைக்குக் காலையில நடந்து போயி சாயங்காலம் நடந்து வருவேன்.

எங்க ஏரிக்குள்ள தண்ணியிலயே நிக்குற கடப்ப மரம் நெறைய. ஐப்பசி மழ கொட்டி ஏரி ரொம்புனதும் நத்தகுத்தி வந்து எறங்கும். நாரை ஜாதி, வாய மூடுனாலும் அலகு நடுவுல சந்து தெரியும், நத்தைய ஒடைச்சித் தின்னும். எங்க ஊர்ல அதப் பறவைன்னு சொல்லமாட்டாங்க. தாய் ஊட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பொண்ணுங்கன்னுதான் சொல்லுவாங்க. அதுனால தீபாவளிக்கு எங்க ஊர்ல ஒரு பட்டாசு வெடிக்காது. மேளம் அடிக்கணும்னா ஏரிய வுட்டு தூரமாப் போயி அடிப்பாங்க. அதுங்க எச்சம் கலந்த தண்ணி பாஞ்சாத்தான் கழனி வெளையுதுன்றதும் உண்மைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காக மட்டும் இல்ல.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாசம் பட்டணத்துலேருந்து காலேஜ் வாத்தியார் ஒருத்தர் வந்தாரு. பஞ்சாட்சரம் சார். கழுத்துல தூரப்பார்வைக் கண்ணாடி, தோள்ல பை, காலுல செருப்புகூட சேத்துல தொலைஞ்சி போச்சி பாவம். "இந்தப் பறவைங்க சித்திரையில இங்கேருந்து போவுதே, எங்க போவுதுன்னு யாருக்குமே தெரியாதுப்பா. அதக் கண்டுபிடிக்கணும்"னாரு. குஞ்சு கால்ல அலுமினிய வளையம் போடணுமாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பரு. எங்கனா யாரு கையிலயாவது ஆப்ட்டா, அதுல இருக்குற விலாசத்துக்கு எழுதிப் போடுவாங்களாம். ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஊட்டுக்காரர் சிரிக்கல. "நானும் இருவது வருஷமா அதத்தான் சார் யோசிச்சிக்கினு இருக்கறேன்"னாரு. எங்கிட்ட ஒரு நாளு சொன்னதில்ல இந்த மனுஷன்!

அன்னியிலேருந்து ரெண்டு பேரும் ஒட்டிக்கினாங்க. இவரு மரம் ஏறிக் குஞ்ச எறக்குவாரு, துணியால கண்ண மூடி மடியில வெச்சிக்குவாரு. சார் வளையம் போட்டு, நோட்டுல எழுதிப்பாரு. மறு வருஷம் ஒரு கடுதாசி வந்துது. நெல்லூருக்கும் அந்தாண்ட ஏதோ ஒரு ஏரிக்கரையில செத்துக் கெடந்த நத்தகுத்தி கால்ல அறுவத்தி மூணாம் நம்பர் வளையம். சார் அதுக்குன்னே பஸ் ஏறி வந்து சொன்னாரு. எங்க ஊட்டுக்காரருக்குத் தல கால் புரியல. "அறுவத்தி மூணு எந்தக் குஞ்சு தெரியுமா அங்கம்மா? மூணாவது மரத்துல என் வெரலக் கடிச்சிதே, அது!"ன்னு வெரலத் தூக்கித் தூக்கிக் காட்றாரு. செத்துப் போச்சேன்னு ஒரு பக்கம் அழுவறாரு, நம்ம ஊட்டுப் பொண்ணு ஆந்திரா வரைக்கும் போயிருக்குதேன்னு ஒரு பக்கம் சிரிக்கறாரு. படிக்கத் தெரியாத மனுஷன், அந்த நம்பர மட்டும் செவுத்துல கரியால எழுதச் சொல்லி வெச்சிக்கினாரு.

எழுவதாம் வருஷம் சார் சொன்ன நேரத்துக்கு வரல. தை மாசம் வளையம் எடுத்துக்கினு வரேன்னு சொன்னவரு, ஆளையும் காணோம், கடுதாசியும் காணோம். மஞ்சக் காமாலையில படுத்துட்டாருன்னு எங்களுக்குப் பின்னாலதான் தெரியும். இவரு கையப் பிசைஞ்சிக்கினு கரையில நடக்கறாரு. "குஞ்சுங்களுக்கு எறகு மொளைக்குது. இன்னும் நாலஞ்சி நாளு போச்சின்னா மரம் ஏறுனா பயந்துக்கினு தண்ணியில குதிச்சிடும். அப்புறம் தொடவே கூடாது. ஒரு வருஷக் கணக்கு போச்சே"ன்னு பொலம்பல். சோறு போட்டா தட்டப் பாக்காம ஏரியப் பாக்கறாரு. எனக்கு எரிச்சல்தான் வந்துது. அப்ப எங்க செல்லியம்மா ஏழு மாசக் கொழந்தை. பெத்த பொண்ணத் தூக்கிக் கொஞ்ச நேரமில்ல, நாரைக் குஞ்சுக்கு அழுவறியான்னு கேட்டேன்.

அப்பத்தான் அவரு கொழந்தை இடுப்பப் பாத்தாரு. கறுப்பு அரணாக்கயிறு கட்டியிருந்தேன். "அங்கம்மா, வளையம் இல்லன்னா இன்னா, கால்ல நூலு கட்டி வுட்டா அடுத்த வருஷம் வரப்போ நம்ம குஞ்சுன்னு தெரியும் இல்ல? செவப்பு நூலு கட்டுனா கரையிலேருந்தே தெரியும்"னாரு. சொல்லிட்டு ஒரு பருத்தி நூல் கண்ட எடுத்தாரு.

இப்ப சொல்றேன் கேளுங்க. அந்த நூல் கண்டப் புடுங்கி வெச்சது நான்தான். "அட போய்யா, பருத்தி நூலு எச்சத்துலயும் தண்ணியிலயும் ஊறி ரெண்டு வாரத்துல இத்துப் பூடும். பட்டு கட்டு. ரெண்டு புரி சேத்து முறுக்குனா ஆள் தொங்குனாக்கூட அறாது"ன்னு சொன்னேன். எனக்கு அவ்ளோ பெரும! பட்டறையில அறுந்த துண்டு நூல நாங்க எடுத்துக்கலாம், மொதலாளி ஒண்ணும் சொல்லமாட்டாரு. அரக்கு செவப்புல ஒரு கை கொண்டாந்தேன். உக்காந்து முறுக்கிக் குடுத்தேன். பட்டறையில இழைக்கு இழை போடுற முடிச்சியும் அவருக்குக் காட்டிக் குடுத்தேன். அது நழுவாது, அவுராது. மொதக் குஞ்சுக்குக் கொஞ்சம் தொளதொளன்னு கட்டுனாராம், பாதத்துல எறங்கிடிச்சாம். சரியா இருக்கறாப்போலக் கட்டுய்யான்னு நான்தான் கரையிலேருந்து கத்துனேன். ரெண்டு நாள்ல இருவத்தாறு குஞ்சு. கரையிலேருந்து பாத்தா செவப்பு செவப்பாத் தெரிஞ்சிது. அன்னிக்கு ராவு அவரு வயிறார சாப்புட்டாரு.

பன்னெண்டு நாளு கழிச்சி ஒரு காலையில மதகத் தொறக்கப் போனவரு ஓடி வராரு. "ஒரு குஞ்சு ஒத்தக் கால்ல நிக்குது, இன்னொரு கால மடக்கியே வெச்சிக்கினு இருக்குது." நாரைன்னா ஒத்தக் கால்ல நிக்கும்தானேன்னேன். "கூட்டுக்குள்ள நிக்காதுமே"ன்னு சொல்லிக்கினே தண்ணியில எறங்கிட்டாரு. நானும் கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு பின்னாலயே போனேன்.

மரத்து மேல ஏறி அவரு அந்தக் குஞ்சு கால எடுத்துப் பாத்தாரு. அப்புறம் "கத்திரிக்கோலு கொண்டா"ன்னு கத்துனாரு. அந்த மாதிரிக் கொரலு அவருகிட்ட நான் கேட்டதே இல்ல. குஞ்சு கால் பெருத்திருக்குது, நூலு பெருக்கல. சதைக்குள்ளாறப் போயி நூலே தெரியல. அதுக்குக் கீழ பாதம் கறுத்து வீங்கிக் கெடக்குது. ஒரு குஞ்சுக்கு நூல் முனை முள்ளு குச்சியில மாட்டிக்கினு, தலைகீழாத் தொங்கிக் காஞ்சிருக்குது. ஆள் தொங்குனாக்கூட அறாதுன்னு சொன்னேன் இல்ல, அது அறல.

நாலு நாளு மரம் மரமா ஏறுனாரு. கத்திரிக்கோலு முனைய நூலுக்கடியில நுழைக்கவே முடியல. கொஞ்சம் பெருசான குஞ்செல்லாம் இவரப் பாத்துப் பயந்து தண்ணியில குதிச்சிடிச்சி. கழுத்து மட்டும் தண்ணியில நீந்திப் போயி ஒவ்வொண்ணாப் புடிச்சாரு. தாய்ப் பறவைங்க தலைக்கு மேல சுத்திக்கினே இருந்துதுங்க. அதுங்களுக்குக் கத்தத் தெரியாது, அலகத்தான் கடகடன்னு தட்டும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுலேருந்து போவல. இருவத்தாறுல ஏழு பொழச்சிது. ஏழே ஏழு.

கரையில நின்னுக்கினு நான் கொழந்தை இடுப்பத் தொட்டுப் பாத்தேன். அரணாக்கயிறு லேசா அழுத்துது. மாசா மாசம் நான்தான் அதத் தளத்திக் கட்டுவேன், போன வாரம்கூடக் கட்டுனேன். கொழந்தை வளரும்னு தெரிஞ்ச கைதானே இது! மரத்து மேல யாரு இருக்கறாங்க அந்தக் குஞ்சுக்குத் தளத்திக் கட்ட? அது எனக்கு ஏன் தோணல, எனக்கு ஏன் தோணலன்னு அங்கயே உக்காந்து தலையில அடிச்சிக்கினேன்.

ஊரு சும்மா இருக்குமா? பிரசவத்துக்கு வந்த பொண்ணு கொழந்தைய நொண்டியாக்கி அனுப்புனவன்னு அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. வடிவாம்பாள்னு ஒருத்தி, பக்கத்துக் கழனிக்காரி, "உன் பொண்ணு கால்ல கட்டிப் பாக்கறதுதானே"ன்னு கேட்டா. இவரு தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு. பட்ட யாரு கொணாந்தது, யாரு சொன்னதுன்னு யாரும் கேக்கல, இவரும் வாயத் தொறக்கல.

பங்குனியில சார் வந்தாரு. ஒடம்பு பாதியாப் பூட்டுருந்துது, கையில வளையப் பொட்டலம். இவரு ஒண்ணையும் மறைக்கல. வெட்டியெடுத்த நூல் துண்டெல்லாம் ஒரு காயிதத்துல மடிச்சி வெச்சிருந்தாரு, அத சார் கையில குடுத்தாரு. சாரு திட்டல. "பெரிய பறவையோட கால அளந்துதான் அந்த வளையமே செய்யறோம் சின்னப்பையா. குஞ்சுக்குப் போடுறப்போ அது தொளதொளன்னு இருக்கறது அதுக்குத்தான். அத உனக்கு நான் சொல்லவே இல்லையே. தப்பு எம்மேலதான்"னாரு. அப்புறம் ஒண்ணு சொன்னாரு. "பருத்தி நூலாவது கட்டியிருந்தா தானா இத்து உழுந்திருக்கும்."

நான் வாசல்ல கொழந்தையோட நின்னுக்கினு இருந்தேன். அவரு என் பக்கம் திரும்பவே இல்ல. "பட்டு என் யோசனதான் சார். நோட்டுல எழுதுங்க. பட்டு நூலு கட்டுனவன் சின்னப்பையன்னு எழுதுங்க, நாளைக்கு வேற எவனும் இதச் செய்யக்கூடாது"ன்னாரு. சார் எழுதுனாரு. அந்த நேரத்துல நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல.

அதுக்கப்புறம் அவரு மரம் ஏறவே இல்ல. சாருக்கு வேற ஆளு வெச்சிக் குடுத்தாரு. இவரு கரையிலேருந்து கூட்ட எண்ணுறதோட சரி. கூட்டுக்கு ஒரு புளியங்கொட்டைன்னு பானையில போட்டு வெச்சி, வருஷா வருஷம் சாருகிட்டக் குடுப்பாரு. எங்கிட்ட அதப் பத்தி ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பேசல. சண்ட போட்டுருக்கறோம், சட்டியத் தூக்கி எறிஞ்சிருக்காரு, அப்பக்கூட "உன்னாலதான்"னு ஒரு சொல்லு வரல. வந்திருந்தா எனக்கு எவ்ளோ நல்லாயிருக்கும்! எட்டு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கினு இருந்தேன். போன வருஷம் ஏரிக் கரை ஒடையறாப்போல மழ. மண் மூட்ட தூக்கிக்கினு ரெண்டு நாளு தண்ணியில நின்னவரு, ஜொரம் வந்து ஒம்பதாம் நாளு பூட்டாரு. கடசியில கேட்டது, "எத்தினி கூடு கட்டியிருக்குது?" அவ்ளோதான். நான் எண்ணிப் பாக்கல, நெறையன்னு சொல்லிவெச்சேன்.

சேதி கேட்டு சார் போன வாரம் வந்தாரு. நான் பானையக் கொண்டாந்து வெச்சேன். இந்த வருஷம் நானே கரையில நின்னு எண்ணிப் போட்ட கொட்டைங்க. அப்புறம் கேட்டேன், "சார், அந்தப் பழைய நோட்டு இருக்குதா?" பையிலேருந்து எடுத்தாரு. "அந்தப் பட்டு நூலு எழுதுன பக்கத்த எடுங்க. அவரு பருத்திதான் கட்றதா இருந்தாரு. புடுங்கி வெச்சிட்டுப் பட்டக் குடுத்தவ நான். முறுக்குனது நான், முடிச்சி காட்டுனதும் நான். எம் பேரையும் எழுதுங்க"ன்னேன். சார் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "இப்ப எதுக்கும்மா?"ன்னாரு. "எழுதுங்க சார்"னேன்.

எழுதுனாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. இது அவரு, இது நீன்னு வெரல வெச்சிக் காட்னாரு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தோம்.