காட்டில் கிடைத்த செடி

நெதர்லாந்தில் எங்கள் ஆய்வகத்துக் கண்ணாடிக்கூடத்தில் காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் மழை பெய்யும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஏலச்செடிகள் நனைந்துகொண்டிருக்கும். சாரலுக்காக மலையையே அண்ணாந்து பார்த்து வளர்ந்த போடிக்காரி எனக்கு இது இன்னும் பழகவில்லை. ஏலத்தைத் தாக்கும் கட்டை நோயைப் படிப்பது என் வேலை. அந்த வைரசிடம் சொந்தச் சரக்கு கொஞ்சம்தான். செடியின் புரதங்களையே பிடித்துத் தனக்கு உழைக்க வைக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியே பார்த்துப் பயனில்லை. எது எதைத் தொடுகிறது, எந்த இணைப்பு அறுந்தால் நோய் நிற்கிறது என்று எல்லாவற்றையும் கணினியில் ஒரே வலையாக்கிப் பார்க்கிறோம். சிஸ்டம்ஸ் பயாலஜி என்பது இதுதான்.

அந்த வலைக்கு நோய் அண்டாத செடி ஒன்று வேண்டியிருந்தது. தந்தவர் முத்தம்மாக்கா. நான் ஊரில் படித்த காலத்தில் இலை சேகரிக்கப் போய்ப் பழகியவர். குரங்கணிக்கு மேலே அரை ஏக்கர் வைத்திருக்கிறார். எஸ்டேட் வேலைக்குப் போன நாட்களில், சுற்றிலும் எல்லாம் வெளிறிக் குட்டையாகிப்போன இடத்தில் தப்பி நின்ற தூர்களைக் கேட்டு வாங்கி வந்து நட்டவர். நோய் கண்டதைப் பிடுங்கி, நல்லதைப் பிரித்து நட்டு, பதினோரு வருடம் பாடுபட்டிருக்கிறார். நான் முறைப்படி அனுமதி வாங்கிப் போனபோது, கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் பேரைப் போட்டிரு ஆத்தா. நாளைக்கு எவனும் வந்து இது தானா மொளச்சதுன்னு சொல்லிறக் கூடாது."

போடுகிறேன் என்றேன்.

ஆய்வுக் கட்டுரை தயாரானபோது, இது எங்கள் அக்காவின் உழைப்பு, அவர் பெயர் வர வேண்டும் என்று பேராசிரியரிடம் சொன்னேன். குடும்பத்தார் பெயரைச் சேர்ப்பது வழக்கமில்லை என்றார். உடன்பிறந்தவர் இல்லை, ஊரில் மூத்தவர்களை அப்படித்தான் அழைப்போம் என்று விளக்கினேன். தலையாட்டினார். அச்சில் வந்தபோது, "மலைக்காட்டில் கிடைத்த செடி" என்றிருந்தது. நன்றிப் பட்டியலில்கூட அக்கா இல்லை. கேட்டதற்கு, பெயர் போட்டால் நாளை உரிமைச் சிக்கல் வரும் என்றார் நிதானமாக. அக்கா யார் என்று நான் விளக்கிய அன்றே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

திருத்தம் கேட்டு, கட்டுரை வந்த இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த மாதம்தான் என் ஒப்பந்தம் முடிகிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் விசா. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை நான் அனுப்பவில்லை. வேலை நீடித்தது. இப்போது விருந்தினர் யாராவது வந்தால், இந்தச் செடி விளையும் மலைக்காரி என்று என்னை முன்னால் நிறுத்துகிறார்.

இந்த ஆய்வுச் செய்தி, காட்டில் கிடைத்த செடி என்றே நம் பேப்பரிலும் வந்து, போடியில் ஏலக்காய்க் கடையில் யாரோ அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

விடுப்பில் போனதும் குரங்கணிக்கு ஜீப்பு ஏறினேன். திட்டுவார், நானும் அழுது சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். செடிகளுக்கு நடுவே நின்றவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழகிய நாளிலிருந்து என்னை ஒருமையில் மட்டுமே அழைத்தவர்.

"வாங்க. எப்ப வந்தீக?" என்றார்.

ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து தோட்டத்துப் படலுக்கு வெளியே போட்டார். நான் அதில் உட்கார்ந்து, உள்ளே நின்ற செடிகளைப் பார்த்தபடி, அவர் தந்த காப்பியைக் குடித்தேன்.