சுரண்டிப் பார்க்கும் ஊரில் ஒரு கிராமபோன்

“யக்கா, வர்றதுக்கு முன்னாடி நகத்தை வெட்டிக்கினு வாங்க” என்று போனில் சொன்னார் மோசஸ்.

புது வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு அழைக்கிறார். குடும்பத்தோடு வாங்க, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்றெல்லாம் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். நகம் வெட்டிக்கொண்டு வரச் சொல்லி யாராவது கூப்பிட்டு உங்களுக்கு அனுபவம் உண்டா?

மோசஸ் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஏசி, வாஷிங் மெஷின், மிக்ஸி எதையும் விடமாட்டார். ஐயம்பேட்டையில் இப்போதுதான் சொந்த வீடு கட்டி முடித்திருக்கிறார். அந்த வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு பழைய கிராமபோன் இருக்கிறது. நகப் பிரச்சினை அதனால் வந்தது.

முதலில் அந்தக் கிராமபோன் கதை. முசரவாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரிய வீடு. ஊரில் பாதி நிலம் அவர்களுடையது. மோசஸின் அப்பா தாவீது அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். பெரிய வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு எங்கே கல்யாணம் என்றாலும் கிராமபோன் பெட்டியைத் தலையில் சுமந்துபோவது அவர் பொறுப்பு. திருமுக்கூடல் வரைக்கும் நடந்தே போயிருக்கிறார். இறக்கி வைத்ததும் வாசலுக்கு வெளியே போய் நின்றுவிட வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு அவர் கை அதன்மேல் படக்கூடாது.

தலையில் சுமக்கலாம்... விரலால் தொடக்கூடாது! என்ன ஒரு சட்ட அறிவு பாருங்கள். இதை யோசித்துக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்காமல் விட்டுவிட்டோம்.

அப்புறம் காலம் மாறியது. பெரிய வீட்டை இடித்தார்கள். வாரிசுகள் சாமான்களை எடைக்குப் போட்டார்கள். ஏசிக்கு ஏதோ பழைய பாகம் தேடி காயலான் கடைக்குப் போன மோசஸ், அங்கே இந்தப் பெட்டியைப் பார்த்து, பெரிய வீட்டுச் சாமான் என்று கடைக்காரர் சொன்னதும் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“வாசல்ல நின்னு பாத்தா அது தகதகன்னு மின்னுமாம்க்கா. நைனா இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்குறாரு. அதே மாதிரி ஆக்கி அவரு கையில குடுக்கணும்” என்றார். இந்த ஒரே ஆசைக்காகத்தான் இத்தனை பாடும்.

வாங்கி வந்தபோது அதில் மின்னுவதற்கு ஒன்றுமில்லை. ஊசி மாட்டுகிற வட்டமான சவுண்ட் பாக்ஸில் தங்க முலாம் பாதிக்கு மேல் போய்விட்டது. அதைத் தாங்கும் வளைந்த குழாயில் வெண்கல நிறப் பூச்சு தேமல் மாதிரி திட்டுத்திட்டாக உரிந்திருந்தது.

எங்கள் ஊரில் யோசனைக்கா பஞ்சம்? கோயில் ஊர்க்காரர்களுக்கு மஞ்சளாக எதைப் பார்த்தாலும் குத்துவிளக்கு ஞாபகம்தான். புளி போட்டுத் தேய், விபூதி போட்டுத் துலக்கு என்றார்கள். தேய்த்திருந்தால் மிச்சமிருந்த தங்கமும் சாக்கடையில் போயிருக்கும். சாமி வாகனத்துக்கு அடிக்கிற கோல்டு பெயின்ட் அடித்துவிடச் சொன்னவர் என் வீட்டுக்காரர். நல்லவேளை, மோசஸ் யார் பேச்சையும் கேட்கவில்லை. குழாயை சோப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்து மெதுவாகத் துடைத்து, நிறம் சரியாக வரும்வரை கலந்து கலந்து பார்த்துத் தானே பூச்சு கொடுத்தார். சவுண்ட் பாக்ஸை மட்டும் கவரிங் நகைக்கு முலாம் போடுகிறவரிடம் கொண்டுபோனார்.

“இது உள்ள மட்டமான உலோகம்பா. இப்பவே பொரிஞ்சிருக்குது. இன்னொரு தபா தொட்டியில போட்டா பொடியாப் பூடும்” என்று அவர் எச்சரித்துத்தான் போட்டுக் கொடுத்தார்.

முலாம் பிரமாதமாக வந்தது. அதற்கப்புறம்தான் எங்கள் ஊர் தன் வேலையைக் காட்டியது.

பட்டுப்புடவை ஊரில் தங்கத்தை யாரும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால்தான் அசல் என்று ஒத்துக்கொள்வோம். பிறந்ததிலிருந்து பழகிய விரல்... சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். “ஒரிஜினல் முலாமாபா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு சுரண்டல். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒரு சுரண்டல். நானும் போயிருந்தேன். நான் சுரண்டவில்லை — லேசாக உறுதிப்படுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அசல்தான் என்று ஊரே நம்பி முடிப்பதற்குள் அசல் காணாமல் போய்விடும் போலிருந்தது.

போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி, சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார் பெரிய வீட்டுப் பேரன். “எங்க தாத்தாவோடது” என்று கண் கலங்கினார். எடைக்குப் போட்ட அன்று அந்தக் கண்ணுக்கு என்ன வேலை இருந்ததோ தெரியவில்லை. “பழைய ஃபினிஷை எல்லாம் எடுத்துட்டீங்களே... ஹெரிடேஜே போச்சே!” என்று வருத்தப்பட்டார். போகும்போது அவரும் ஒரு சுரண்டல்.

அன்றைக்கே மோசஸ் கடைக்குப் போய் ஒரு போர்டு அடித்து மாட்டிவிட்டார். சிவப்புக் கொட்டை எழுத்து. லேமினேஷன் வேறு. ‘கையால் தொடாதீர்கள்.’

ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டிக்கொண்டு ஒழுங்கு மரியாதையாகப் போய்ச் சேர்ந்தேன். ஜெபம் முடிந்ததும் மோசஸ், அன்று காலைதான் கிராமத்திலிருந்து வந்திருந்த அப்பாவைக் கைபிடித்து அழைத்துவந்து பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அது மின்னியது.

தாவீது ஐயா பார்த்தார். போர்டையும் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கி, வாசற்படியோரம் போய் நின்றுகொண்டார்.

“நல்லாக்குதுபா. இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது” என்றார்.

மகன் கட்டிய வீடு அது. மகன் வாங்கிய பெட்டி. மோசஸின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மோசஸ் போர்டைப் பிடித்து இழுத்தார். லேமினேஷன் கிழியவில்லை. ஆணியோடு பிடுங்கி வெளியே எறிந்தார்.

“அது மத்தவங்களுக்கு நைனா. உனுக்கு இல்ல. வா... வந்து தொடு.”

ஐயா விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குழாயைத் தொட்டார். சவுண்ட் பாக்ஸைத் தடவினார். பிறகு கட்டை விரல் நகத்தை வைத்து, நிதானமாக, அழுத்தி ஒரு சுரண்டல்!

“ஐயையோ!” என்று நான் எழுந்தேவிட்டேன். மறுபடி முலாம் போட வழியில்லையே!

“வுடுங்கக்கா” என்றார் மோசஸ். “சொரண்டட்டும்.”

ஐயா இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். முலாம் போன இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“டேய் மோசஸு... உள்ள வெறும் ஈயம்டா! இதுக்காடா என்னியத் தொடாதேன்னானுங்க?”

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் யாரும் வந்திருக்கவில்லை.