பக்கக் கண்ணாடிக்குப் புது ரப்பர்

என் வீட்டுக்காரர் மைக்செட் போடுகிறவர். திண்டிவனத்தைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா நடந்தாலும் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிப் போக ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் வைத்திருந்தார். எங்கள் இருவரையும் விட வயதான வண்டி. பின்சீட்டை மடக்கினால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அப்படி ஓர் ஆள் அதில் படுக்க வேண்டி வரும் என்று வாங்கும்போது நாங்கள் நினைக்கவில்லை.

மேல்மலையனூரில் ஓர் அமாவாசைக்குப் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது அவர் விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கைகள் மட்டும் பழையபடி இரும்பாக இருந்தன. வாயும் அப்படியே.

விழுப்புரத்தில் பிசியோதெரபிக்கு வாராவாரம் போகச் சொன்னார்கள். ஆட்டோவில் அவரால் உட்கார முடியாது. ஒவ்வொரு முறையும் ஆம்புலன்ஸ் கூப்பிட எங்களால் ஆகாது. அதனால் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். பின்னால் மெத்தை போட்டு அவரைப் படுக்க வைத்தேன். பக்கக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, நான் கியர் மாற்றும் லட்சணத்தைக் கிண்டலடித்தபடி வருவார்.

ஐப்பசியில் விக்கிரவாண்டி தாண்டும்போது நல்ல மழை பிடித்தது. வீட்டுக்கு வந்து அவரைப் புரட்டியபோதுதான் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே மெத்தை முழுக்க ஈரம். பக்கக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்து, தண்ணீர் உள்பக்கமாக வழிந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சில நாளில் இடுப்புத் தோல் சிவந்தது. புண்ணாகிவிட்டால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொன்னார்.

விஷயம் கேள்விப்பட்டு என் மூத்தார் வந்தார். வீட்டுக்காரருக்கு அண்ணன். வரும்போதே பழைய இரும்பு எடுக்கிற ஆளையும் கூட்டி வந்திருந்தார். வண்டியைத் தள்ளிவிடலாம், இனிமேல் வைத்தியமெல்லாம் வீட்டோடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு குரலைத் தணித்து, கூடப்பிறந்தவனை இப்படிப் படுக்கப் போட்டு ஊர் பார்க்க ஓட்டிக்கொண்டு போவது தனக்கு அவமானமாக இருக்கிறது என்றார். இரும்புக்காரர் அதற்குள் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி மேலருந்து கைய எடுக்கச் சொல்லுங்க மாமா. அத விக்கலை" என்றேன்.

மூத்தாரிடம் நான் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சுருங்க, இரும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

திண்டிவனத்தில் நான் விசாரித்த மெக்கானிக்குகள் எல்லாம் இந்த வண்டிக்கு ரப்பர் வருவதே இல்லை என்றார்கள். ஒருவர் சிலிக்கான் பசை அடித்துக் கொடுத்தார். அடுத்த மழையில் அது வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வந்தது. அன்றைக்கு வந்த கோபத்தில், வெடித்த ரப்பரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பஸ் பாடி கட்டுகிற சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்டதுமே கையை விரித்தார். நான் துண்டை மேசைமேல் வைத்தேன். வண்டியை மறந்துவிடுங்கள், இதைப் பாருங்கள் என்றேன். ஒரு பக்கம் கண்ணாடி உட்காரும் பள்ளம், மறு பக்கம் தகரம் உட்காரும் பள்ளம். இதே மாதிரி இரண்டு பள்ளம் உள்ள எதுவாக இருந்தாலும் கொடுங்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பரண் மேல் ஏறி நாலைந்து சுருளை இறக்கினார். பஸ் ஜன்னலுக்குப் போடுகிற ஒன்று கொஞ்சம் தடிமன். ஆனால் பள்ளங்கள் சரியாக இருந்தன. தேவைக்கு மேலேயே வாங்கிக்கொண்டேன்.

வெயில் அடித்த ஒரு நாள் தெருவிலேயே வேலையைத் தொடங்கினேன். பழைய ரப்பரை பிளேடால் அறுத்து, உள்ளிருந்து தள்ளிக் கண்ணாடியைக் கழற்றினேன். சட்டம் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டேன். மூத்தார் பைக்கை நிறுத்திவிட்டு, ஒரு பொம்பளை நடுத்தெருவில் உட்கார்ந்து செய்கிற வேலையா இது என்று கேட்டார். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுவது சுலபம். அதைச் சட்டத்தில் ஏற்றுவதுதான் பாடு. வெளியிலிருந்து அழுத்தினால் ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே போகாமல் மடங்கிக்கொள்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். கை எரிந்ததுதான் மிச்சம்.

வாசலை ஒட்டிய கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"என்னிய வண்டிக்குள்ள போடு மே. உள்ளேருந்து இழுக்க ஒரு ஆளு வேணும்."

பஸ் கம்பெனியில் ஸ்பீக்கர் மாட்டப் போனபோது பார்த்திருக்கிறாராம். தகரம் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி நைலான் கயிறு ஒன்றை ஓட்டி, இரண்டு முனையையும் வண்டிக்குள் விட வேண்டும். வெளியில் ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்தால் உதடு தகரத்தின்மேல் தானாக ஏறும். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் போர்வையோடு அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினோம்.

நான் உள்ளங்கையால் குத்தக் குத்த, அவர் படுத்தபடியே கயிற்றை இழுத்தார். ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்கார்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நெற்றியில் வேர்வை. விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவருக்குச் செய்துகொண்டே இருந்தேன். அன்றுதான் அவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தேன்.

ஆனால் ஹோஸ் பைப்பில் தண்ணீர் பிடித்ததும், ரப்பரின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் ஒழுகியது. அளவு சரியாக இருக்கட்டும் என்று இழுத்துப் பிடித்து வெட்டியிருந்தேன். அது சுருங்கி இடைவெளி விட்டுவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னா உக்காந்துகினு கீற? கழட்டு. இன்னொரு வாட்டி போடலாம்."

கழற்றினோம். இந்த முறை சற்று நீளமாக வெட்டி, முனைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும்படி மாட்டினோம். தண்ணீரை எவ்வளவு பீய்ச்சியும் சொட்டு உள்ளே வரவில்லை. மறுநாள் எதிர்ப்பக்கக் கண்ணாடியையும் முடித்தோம்.

அடுத்த வாரம் போகும்போதே மழை. விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறந்து அவருக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். மெத்தை காய்ந்திருந்தது. பயிற்சி முடிந்து கிளம்பினோம். திண்டிவனம் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில், நேராக விடு என்றார். எங்கே என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி, வுட்டா வீடு. நான் வேற எங்கயும் போவக்கூடாதா?"

நேராக விட்டேன். புதுச்சேரியைத் தாண்டி, பொம்மையார்பாளையத்தில் படகுகளை ஏற்றி வைத்திருந்த மணல் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். மழை நிற்கவில்லை. அவர் ஒருக்களித்துப் படுத்துக் கடலைப் பார்த்தார். மூத்தார் போன் செய்தார். இந்த மழையில் அவனை எங்கே வைத்திருக்கிறாய் என்று கத்தினார். நான் போனை வீட்டுக்காரரிடமே கொடுத்தேன்.

"கடலாண்ட கீறோம்ணே. நல்லாத்தான் கீறேன். வர லேட்டாவும்" என்று சொல்லிவிட்டு அவரே கட் பண்ணினார்.