காற்றுப் படக்கூடாது!

போன மாதம் என் வீட்டுக்காரர் ஒரு அடுப்பை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். சமைக்கிற அடுப்பு இல்லை. நிலக்கரி போட்டு அறையைச் சூடாக்கும் வெள்ளைக்காரர் காலத்து இரும்பு அடுப்பு. இடுப்பு உயரம்... உடம்பெல்லாம் துரு. அதியமான்கோட்டை பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததாம்.

"இது எதுக்குங்க?"

"உனக்குத்தான்."

சில மாதங்கள் நான் எழுதாமல் இருந்தது ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேன்சர். சிகிச்சை முடிந்தது, தலைமுடியும் வளர்கிறது. குளிர் மட்டும் எலும்புக்குள் புகுந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. ஆனாலும் வத்தல்மலையில் எங்களுக்கு இருக்கிற ஒற்றை அறையில் சில நாள் இருக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்குத்தான் அடுப்பு.

ஆஸ்பத்திரியில் இவருக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. இளநீர் வாங்கி வருவார், சுவரைப் பார்த்து உட்காருவார். இப்போது வேலை கிடைத்துவிட்டது! கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். இற்றுப்போன அடித்தட்டுக்கு வெல்டிங் பட்டறையில் புதுக் கம்பி வைத்தார். மலையில் கொண்டுபோய் வைத்து, புகை போகத் தகரக் குழாய் ஒன்றைச் சுவர் வழியாக வெளியே விட்டார்.

நிலக்கரி கிடைக்கவில்லை. மரக்கரியைப் போட்டுப் பற்றவைத்தார். அறை கதகதப்பானது. ஆனால் குழாய் வழியாக வாடைக்காற்று திரும்பி உள்ளே வந்தது.

உடம்பு முடியாதவர்களுக்கு நம் வீடுகளில் முதல் வைத்தியம் என்ன? காற்றுப் படக்கூடாது! காதில் பஞ்சு, தலையில் மப்ளர். இவர் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் எல்லாம் துணி செருகினார். கடைசியில் குழாயிலும் ஒரு பழைய துண்டைத் திணித்தார்.

"கரிதான் நல்லா கனிஞ்சிருச்சே, பொகையே இல்ல. அப்புறம் கொழா எதுக்கு?"

எனக்குத் தலை வலித்தது, குமட்டியது. கீமோ நாட்களில் பழகியதுதானே என்று படுத்துக்கொண்டேன். அவருக்கும் தலை சுற்றியிருக்கிறது. சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரம், பக்கத்துத் தோட்டத்து மாதம்மாள் அவரைக்காய் கொடுக்க வந்து கதவைத் தள்ளினார்.

"என்னங்கக்கா, இப்பிடிச் சாத்திக்கிட்டுக் கெடக்கறீங்க?"

"கதவச் சாத்தும்மா! அவளுக்குக் காத்துப் படக்கூடாது" என்று எழுந்த இவர், அப்படியே விழுந்தார்.

மாதம்மாள்தான் இருவரையும் வெளியே இழுத்துப் போட்டார். அந்த வாடைக்காற்றில்தான் இவர் கண் விழித்தார். கரி கனலும்போது வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்றார் தர்மபுரி டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்...

இவர் அன்று சாப்பிடவில்லை. "நோய் உட்டுருச்சு. நான் கொன்னுருப்பேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயங்கரமாக வந்தது. "உங்களுக்குத் தலை சுத்துச்சின்னு ஏங்க சொல்லல?"

"நீயே முடியாம படுத்திருந்தியே..."

இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்? பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வதிலும் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. அது அன்பு என்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

அடுப்பைத் திரும்ப இரும்புக் கடைக்கே போட்டுவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. மறுபடியும் மலைக்குப் போனோம். குழாயில் துண்டு இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நெருப்பின் முன் உட்கார்ந்தோம்.

"குளுருதா?" என்றார்.

"குளுருதுங்க."

ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நகர்ந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.