மருந்து அறை வாசலில் ஆரஞ்சு மழைக்கோட்டு

"நடங்கள், மலை மட்டும் ஏறாதீர்கள்" என்றார் மூட்டு டாக்டர். ஏறக் கூடாது, சரி. அடிவாரம் வரை போகலாமே! அப்படிப் பிறந்ததுதான் இந்த நான்கு நாள் நடை. போன புரட்டாசிக் கடைசியில் மல்லாங்கிணறில் கிளம்பி, விருதுநகர், எம். புதுப்பட்டி, வத்திராயிருப்பு வழியாக மலையடிவாரத்துத் தாணிப்பாறை. என் போன் கணக்கில் எழுபத்தைந்து கிலோமீட்டர். எனக்கு ஐம்பத்தேழு வயது, என் வீட்டுக்காரருக்கு அறுபத்து மூன்று. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று மகள் கேட்டாள். நனைவோம் என்றேன்.

இது அம்புக்குறி போட்டு வைத்த பாதை இல்லை. தார்ச்சாலை, ஓடைக்கரை, வண்டித்தடம் எல்லாம் சேர்த்து நானே கோடு போட்டது. எங்களுக்கென்று ஒரு சைகையும் உண்டு. இவருக்குக் காது மந்தம், ஆனால் எப்போதும் ஐம்பது அடி முன்னால்தான் போவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் அவர் திரும்பும்போது, என்னிடம் வாருங்கள் என்பதற்கு நான் ஊன்றுகோலைத் தலைக்கு மேல் தூக்குவேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு அவரும் தூக்குவார். நான் இறக்கும்வரை அவர் இறக்கக் கூடாது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் மீறாத ஒரே விதி இதுதான்.

இரண்டாம் நாள் காலை 5.40க்கு விருதுநகரை விட்டோம். 8.15க்கு ஆமத்தூர். இட்லி, வடை, டீ இருவருக்கும் 110 ரூபாய். அங்கிருந்து கிளைச்சாலை. பன்னிரண்டு மணி வரை வெயில் மண்டையைப் பிளந்தது, ஒன்றரைக்கு மேற்கே இருட்டிவிட்டது. புதுப்பட்டிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். குறுக்கே ஒரு வண்டித்தடம் ஒன்றரைக் கிலோமீட்டரை மிச்சப்படுத்தும் என்று வரைபடம் சொன்னது. இறங்கினோம்.

1.50க்கு மழை பிடித்தது. "ஏங்க, காது மிஷினைக் கழட்டிப் பையில போடுங்க, நனைஞ்சா போச்சு" என்றேன். நான்தான் சொன்னேன். அதை இங்கே எழுதி வைக்க வேண்டும். அவர் கழற்றிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆரஞ்சு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போனார். கரிசல் மண் என் ஷூவில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை. நின்று குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

தடத்தை ஒட்டி ஒரு பட்டாசு ஆலை. வேலிக்குள் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள். முதல் இடி விழுந்ததும் நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்கு ஊரே வீட்டுக்குள் ஓடும். இங்கே கூரைக்கடியில் இருந்த பெண்களெல்லாம் வெறுங்காலோடு மழைக்குள் ஓடிவந்தார்கள். கேட்டை ஒட்டிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் எல்லோரும் நுழைந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"யக்கா, அங்கன நிக்காதீக, இங்கன வாங்க! போனை அணைச்சிருங்க!"

போனேன். சரசு என்று பேர் சொன்னாள். இடி இடித்தால் மருந்து அறையில் ஒரு ஆள் இருக்கக் கூடாதாம். இங்கே மருந்து என்றால் வெடிமருந்து. போர்மேன் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். பதினெட்டு. சரியாக இருக்கிறது என்று மூச்சு விட்டார். கடைசியாக என்னையும் எண்ணிப் பத்தொன்பது என்றார்.

"ரெண்டு பேரால்ல வந்தீக?" என்றாள் சரசு. "ஐயா எங்க?"

முன்னால் போயிருப்பார் என்று திரும்பினேன். வேலியின் பின்பக்கத் திறப்பில் நுழைந்து, ஆள் இல்லாத ஒரு அறைக்குள் சொகுசாக ஒதுங்கியிருந்தார். ஆரஞ்சுக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இங்கே வா, நல்ல இடம் என்று சிரித்தபடி என்னைக் கூப்பிடுகிறார்.

எல்லோரும் கத்தினார்கள். அவருக்கு இடியே கேட்காது, இது எங்கே கேட்கும்? நான் கையை ஆட்டப் போனேன். போர்மேன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிடாதீகம்மா. அம்புட்டும் கலந்து வச்ச மருந்து. ஈரம் பட்டாலே சூடேறும். அந்தக் கம்பு நுனி என்னது?"

"இரும்புப் பூண்."

"ஊண்டிக்கிட்டு நடந்தாகன்னா, ஒரு பொறி போதும்."

நான்கு நாள் திட்டம், என் வரைபடம், என் வாய் எல்லாம் அந்த இரும்பு நுனியில் வந்து நின்றன. மழைக்குள் இறங்கி, அவர் கண்ணுக்கு நேரே போய், ஊன்றுகோலைத் தலைக்கு மேல் தூக்கினேன். மின்னலில் கம்பைத் தூக்கலாமா என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். தூக்கக் கூடாதுதான்.

அவர் பார்த்தார். தன் கோலைத் தூக்கினார். நான் இறக்காமலே பின்னால் நகர்ந்தேன். அவரும் இறக்காமலே, பூப்போல அடிவைத்து வாசலைத் தாண்டி மழைக்குள் வந்தார். கேட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கருவியை மாட்டிக்கொண்டு, "என்னாச்சு, வழுக்கி விழுந்தியா?" என்றார்.

போர்மேன் திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இருபது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

3.35க்கு இடி ஓய்ந்தது. 5.10க்குப் புதுப்பட்டி சேர்ந்தோம். மிச்ச இரண்டு நாளும் நடந்தோம், தாணிப்பாறையைத் தொட்டோம். மூட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் நடக்க வருகிறவர்களே, தாராளமாக வாருங்கள், அருமையான தடம். மதியம் ஒரு மணிக்குள் ஊர் சேருகிற மாதிரி கிளம்புங்கள். குறுக்குவழி வேண்டாம், தார்ச்சாலையே போதும். எவ்வளவு மழை பெய்தாலும் தனியாக நிற்கிற சின்ன அறை எதிலும் ஒதுங்காதீர்கள், சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று கேளுங்கள். ஊன்றுகோல் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். நாங்கள் வத்திராயிருப்பில் வாங்கினோம், இரண்டும் அறுபது ரூபாய்.

இப்போது எங்கே நின்றாலும் நான் விரல் நீட்டி எண்ணுகிறேன். ரெண்டே பேரை என்ன எண்ணுகிறாய் என்று இவர் கேலி செய்கிறார். செய்யட்டும். இரண்டு என்று வந்தால்தான் நான் உட்காருவேன்.