582582

எட்டாம் வகுப்புத் தேர்வில் 347347 பகா எண்ணா என்று கேட்டிருந்தேன். “இல்லை, 13ஆல் வகுபடும்” என்று ஒரே வரியில் எழுதிய மாணவியைக் காப்பியடித்தாய் என்று திட்டி, சுழியம் போட்டேன். மறுநாள், அடி அண்ணாமலையில் இளநீர் விற்கும் அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்.

“எம் பொண்ணு திருடியா சார்? வேற நம்பர் போடுங்க, இங்கயே பாத்துடலாம்.”

எரிச்சலோடு பலகையில் 582582 என்று கிறுக்கினேன்.

“இதுவும் வகுபடும் சார்,” என்றாள் மகள். “மூணு இலக்க நம்பரை ரெண்டு தடவ சேத்து எழுதினா, ஆயிரத்தொண்ணால பெருக்கின மாதிரி. ஏழு, பதினொண்ணு, பதிமூணு பெருக்கினா ஆயிரத்தொண்ணு.”

இருபது வருடக் கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாது. “வாய் ஜாஸ்தி” என்று இருவரையும் வெளியே அனுப்பினேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும் அதையே பலகையில் போட்டுக் கைத்தட்டல் வாங்குகிறேன். காப்பியடித்தீர்களா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.