என்னை மண்ணெண்ணெய்க்காரன் ஆக்கிய பஸ்

என்னைப் பெட்ரோல் திருடன் என்று சொன்ன பஸ் முதலாளி பொய் சொன்னார். பொய் என்று தெரிந்த பிறகும் அதை மாற்றிச் சொல்லவில்லை. அவர் பெயரை எழுதலாம். எழுதவில்லை. அந்தக் காலத்தில் புதுக்கோட்டையில் பஸ் ஏறியவர்களுக்கு யார் என்று தெரியும். அவருக்கும் தெரியும்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்பு, சமஸ்தானத்தில் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த நேரம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி போகும் பஸ்ஸை நான் ஓட்டினேன். இரண்டு கை மாறி எங்கள் முதலாளியிடம் வந்த வண்டி. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். ஆனால் இஞ்சின் நல்ல இஞ்சின். ஹாண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் என் இருக்கைக்கு அடியில் இருந்தது. பலகையைத் தூக்கினால் பித்தளை மூடி தெரியும். டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கு இறங்கும். பம்ப் கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தொல்லை ஆரம்பித்தது. புறப்படும்போது வண்டி ஒழுங்காகப் போகும். ஐந்தாறு மைல் தாண்டினால் இழுவை குறையும். ஆள் ஏற்ற நிறுத்தினால், நின்ற இடத்தில் இஞ்சின் உதறும். பஸ் முழுவதும் குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். இரண்டு முறை தும்மிவிட்டு அணைந்துபோகும்.

முதல் நாள் பலகையைத் தூக்கி, மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டுப் பெட்ரோல் பார்த்தேன். பாதி டேங்க் இருந்தது. மூடியைத் திருகிவிட்டு, பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டிப் போட்டேன். ஹாண்டில் போட்டதும் ஓடியது. பிளக்தான் கோளாறு என்று முதலாளியிடம் சொன்னேன். மறுநாள் அதே இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. பெட்ரோல் பார்த்தேன், இருந்தது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவைத் திறந்து முனைகளைத் தேய்த்தேன். ஓடியது. மேக்னட்டோ என்று சொன்னேன். மூன்றாம் நாள் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். நான்காம் நாள், தண்ணீர் கலந்திருக்குமோ என்று பெட்ரோல் முழுவதையும் துணியில் வடிகட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எதைச் செய்தாலும் ஓடியது. ஐந்தாறு மைல் ஓடி நின்றது.

கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, நாளைக்கி ஹாரனைக் கழட்டித் தொடைங்க. அதுக்கும் ஓடும் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளிக்கு நான் தினம் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். தினம் ஒரு காரணம் சொல்கிறவனை யாரும் நம்பமாட்டார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் கறம்பக்குடியிலிருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தோம். பஸ் நிற்கும் இடத்தில் முதலாளி காத்திருந்தார். இறங்குகிறவர்கள், ஏற நிற்கிறவர்கள், காப்பிக் கடைக்காரர், எல்லாரும் இருந்தார்கள். அவர் பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்.

"பெட்ரோலை வித்துப்புட்டு மண்ணெண்ணெய ஊத்துறான். வண்டி எப்புடி நிக்காமப் போகும்?"

"மொதலாளி, சத்தியமா இல்லீங்க. நீங்களே ஒரு நட கூட வந்து பாருங்க."

"ஒன் சத்தியத்த ஒன் வீட்டுல வச்சுக்க. சாவியக் குடுடா."

பதினோரு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் நான். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் கையில் சாவியைக் கொடுத்தேன். மண்ணெண்ணெய் கலந்தால் இஞ்சின் அப்படி உதறும் என்பது உண்மைதான். அதனால் சொன்னது எடுபட்டது. மற்ற முதலாளிகளிடம் வேலை கேட்டுப் போனேன். திருடாத டிரைவர் கிடைக்க மாட்டானா என்று என் காதுபடவே ஒருவர் கேட்டார். டிரைவருக்குப் பெயர்தான் பிழைப்பு. அது போய்விட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஆலங்குடியில் ஒருவர் லாரி வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நடந்து போனேன். வழியில் புளியமரத்தடியில் என் பஸ் நின்றது. ஜனங்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். புது டிரைவர் அறந்தாங்கிப் பக்கத்து ஆள், என் வயது இருக்கும். எண்ணெய்க் கையோடு ரோட்டில் நின்றார். முதலாளி முன் சீட்டில் இருந்தார்.

கீரைக் கூடை வைத்திருந்த ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டது. "அடியாத்தி, மண்ணெண்ணெய்க்காரரு நடந்துல்ல வாராரு! அப்ப இன்னிக்கி யாரு ஊத்துனா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. புது டிரைவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, செத்த இங்கிட்டு வாங்க. ஒங்களுக்குப் பழகுன வண்டி. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

"அவன் எதுக்குய்யா?" என்றார் முதலாளி.

"நீங்க சும்மா இருங்க மொதலாளி. இருட்டுறதுக்குள்ள இவுகள ஊர் சேக்கணும்" என்றார் அவர்.

போயிருக்கக் கூடாது. போனேன். அந்த இஞ்சின் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் பத்து நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

இந்த முறை எதையும் திறக்க வேண்டாம் என்று புது டிரைவரிடம் சொன்னேன். பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் மட்டும் கழற்றினேன். நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. காலையில்தான் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றியதாகப் புது டிரைவர் சொன்னார். குழாயில் வரவில்லை. குழாயை மாட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினேன். மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. ஜனங்கள் ஏறியிருக்கும்போது இந்தச் சத்தம் எங்கே கேட்கும்? அதே நேரம் கீழே இருந்து புது டிரைவர் கத்தினார்.

"வருதுண்ணே! தாரையா வருது!"

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்றுப் போவதற்காக மூடியின் நடுவில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்று உண்டு. அந்த ஓட்டைமேல் சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் இறங்கும். நான் தினமும் பெட்ரோல் பார்க்கத் திறந்தேனே, வண்டி ஓடியது அதனால்தான். பிளக்கும் மேக்னட்டோவும் நான் வீணாகச் சுரண்டியவை.

அந்தப் பொட்டை வைத்தது முதலாளி. பூஜையன்று விளக்கு, ரேடியேட்டர், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் தன் கையால் வைத்தார். பெட்ரோல்தான் வண்டிக்கு லட்சுமி என்று சொல்லி அந்த மூடிக்குக் கொஞ்சம் கூடவே அப்பினார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்தவன் கண்டக்டர். என் தப்பும் உண்டு. அந்தப் பொட்டை ஐந்து நாளும் என் கண் பார்த்தது. பூஜைப் பொட்டை யார் சுரண்டுவார்கள்? அதுவாக உதிரட்டும் என்று விடுவதுதான் வழக்கம். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருகினேன். அவ்வளவு மரியாதை.

ஒரு கருவேல முள்ளை ஒடித்து ஓட்டையைக் குத்தினேன். மூடியை மறுபடி திருகினேன். குழாயை மாட்டி, ஹாண்டில் போட்டார் புது டிரைவர். நின்ற இடத்தில் இஞ்சின் ஆடாமல் ஓடியது. கால் மணி நேரம் அப்படியே ஓடவிட்டோம். மூடியின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது.

மூடியைக் கழற்றி முதலாளியிடம் காட்டினேன். முள்ளில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. துண்டின் நுனியால் மிச்சப் பொட்டை அழுத்தித் துடைத்தார். கீரைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்னவாம் கோளாறு?" என்று கேட்டது.

"பழைய அழுக்கு," என்றார் முதலாளி. "இவன் ஓட்டுன காலத்து அழுக்கு. ஏறுங்க, ஏறுங்க."

கண்டக்டரைப் பார்த்தேன். அவன் விசிலை வாயில் வைத்து ஊதினான். புது டிரைவர் என்னைப் பார்க்காமல் கியரைப் போட்டார். பஸ் போய்விட்டது.

ஆலங்குடி லாரிக்காரருக்கு நான் போவதற்கு முன்பே மண்ணெண்ணெய் விஷயம் போயிருந்தது. அப்புறம் அரிசி மில்லில் எண்ணெய் இஞ்சின் பார்த்தேன். இன்றுவரை பஸ் ஓட்டவில்லை. என் மகனைப் பள்ளிக்கூடத்தில் மண்ணெண்ணெய் மகன் என்று கூப்பிட்டார்கள்.

ஒருவர் தெரியாமல் பழி சொல்லலாம். மண்ணெண்ணெய் என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. அதை விட்டுவிட்டேன். துண்டால் துடைத்தாரே, அதை விடமாட்டேன்.

இப்போது அவர் பெரிய மனிதர். பொதுக்கூட்டங்களில் தலைமை வகிக்கிறார். உழைக்கிறவர்களுக்கு நாணயம் வேண்டும் என்று ஒலிபெருக்கியில் பேசுகிறார். அடுத்த கூட்டத்தில் நான் முன் வரிசையில் உட்காருவேன். ஐயா, நான் பெட்ரோல் திருடினேனா, இல்லையா? திருடினேன் என்றால் என் முகத்தைப் பார்த்து அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.